பிலிப்பைன் கலைஞர்களும் ரெசிடென்சித் திட்டங்களும்: கட்டுரைக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். புலம்பெயர்ந்து வாழும் பிலிப்பைன் கலைஞர்கள், ஓரிடத்தில் சில காலம் தங்கிப் படைக்கும் ரெசிடென்சித் திட்டங்களின் வழியாகத் தங்கள் பண்பாட்டோடு மீண்டும் உறவு கொள்வதைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். அதற்கு உங்கள் உதவியை நாடுகிறேன்.

என்னை இப்பொருளுக்குள் இழுத்தவர் பென்கப் என்று அறியப்படும் ஓவியர் பெனடிக்டோ கப்ரேரா. லண்டனில் வாழ்ந்த காலத்தில் அங்குள்ள பழம்பொருள் கடைகளில் பிலிப்பைன்ஸின் பழைய ஒளிப்படங்களையும் அச்சோவியங்களையும் தேடிச் சேகரித்த அவர், அவற்றிலிருந்தே 1972இல் 'லாராவான்' ஓவிய வரிசையைத் தொடங்கினார். பின்னர் தாயகம் திரும்பி, மலைநகரமான பாகியோவில் குடியேறினார். சொந்த மண்ணின் முகங்களை அயல்நாட்டுக் கடையில் விலைக்கு வாங்க நேர்வதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

எனக்குள்ள முதன்மையான ஐயம் வேறு. மிந்தனாவோ தீவின் லேக் செபு பகுதியில் வாழையினச் செடியான அபாகாவின் நாரைக் கொண்டு டினாலக் துணி நெய்யும் டிபோலி இனப் பெண்கள், அதன் வடிவங்கள் கனவில் கிடைப்பவை என்று நம்புகிறார்கள். அங்கே தங்க வரும் கலைஞர், தாமும் பிலிப்பைன் மரபினரே ஆயினும், அவ்வடிவங்களைத் தம் படைப்பில் பயன்படுத்த யாரிடம் இசைவு பெற வேண்டும்? நெசவாளருக்கு உரிய ஊதியமும் பெயரும் கிடைக்கின்றனவா?

இத்தகைய திட்டங்களில் பங்கேற்றவர்கள், மணிலாவிலோ பாகியோவிலோ வசிப்பவர்கள், நேரில் கண்டவற்றைக் கருத்துப் பகுதியில் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.