‘மறுசுழற்சி மரம்’ சரியா? மீட்ட, பழைய, பெயர்த்த, பிரித்த

அன்புடையீர்,

நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பூங்காவைப் பற்றிய மொழிபெயர்ப்பில் “மறுசுழற்சி செய்யப்பட்ட மரத்தாலான இருக்கைகள்” என்று எழுதலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். ஓரிடத்தில் கழித்ததை உரு மாறாமல் வேறிடத்தில் பயன்படுத்தும் பொருளுக்கு (salvaged material) நம் கலைச்சொல் பட்டியலில் எந்தச் சொல்லை வைப்பது என்பதே கேள்வி. கூடாது என்பதே என் கருத்து. மறுசுழற்சியில் பொருள் தன் உருவை இழக்கிறது. காகிதம் கூழாகிறது, கண்ணாடி உருகுகிறது. அந்த இருக்கைகளின் மரம் எதையும் இழக்கவில்லை. கரையோரம் நின்ற பழைய குளிர்பதனக் கிடங்குகளை இடித்தபோது கிடைத்த நீளிலைப் பைன் (longleaf pine) உத்தரங்களை அறுத்து இழைத்து, அந்தக் கரைக்கே இருக்கைகளாக ஆக்கினார்கள். அமெரிக்கத் தெற்கின் முதிர்ந்த நீளிலைப் பைன் காடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் பெரும்பாலும் வெட்டித் தீர்ந்துவிட்டதால், அவ்வளவு நெருக்கமான வளையங்கள் கொண்ட மரம் வேண்டுமென்றால் இன்று பழைய கட்டடங்களில்தான் தேட வேண்டும். அதைக் கழிவுக் காகிதத்தோடு ஒரே சொல்லில் அடைப்பது முறையன்று.

“மீட்டெடுத்த மரம்” என்பது இரண்டாவது பரிந்துரை. கேட்க நன்றாக இருந்தாலும் இந்தப் பூங்காவிலேயே அது இடறுகிறது. இங்குள்ள துறைமேடைகளில் (கப்பல்கள் வந்தணையும் மேடைகள், pier) பல, நீரில் அடித்த தூண்களின் மேல் நிற்பவை. 1ஆம் துறைமேடை மட்டும் பெரும்பாலும் மண் நிரப்பிய நிலத்தின் மேல் அமைந்ததால், பூங்காவுக்காக எழுப்பிய குன்றுகளின் சுமையை அது தாங்கியது. நீரிடமிருந்து நிலத்தை எடுப்பதை நாம் ஏற்கெனவே நில மீட்பு என்று எழுதிவருகிறோம். “மீட்ட நிலத்தில் மீட்ட மரம்” என்று எழுதினால் இரண்டும் ஒரே வேலை என்றுதான் படிப்பவர் எண்ணுவார். அத்துடன், அடகு வைத்த நகையை மீட்டால் அது பழைய கழுத்துக்கே திரும்புகிறது. இங்கே எந்தப் பொருளும் பழைய வேலைக்குத் திரும்பவில்லை.

மூன்றாவதாக, ‘பழ’ என்னும் முன்னொட்டைச் சேர்க்கலாம் என்றொரு யோசனை வந்தது. இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு: சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக (கற்கோயிலாக) எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து, ‘பழங்கற்படி’ என்ற குறிப்போடு புதுச் சுவரில் வெட்டுவித்தார். ஆகவே கல்லுக்குப் பழங்கல் பொருந்தும். மரத்துக்கு வைத்தால் பழமரம் ஆகி, மாவும் பலாவும் நினைவுக்கு வந்துவிடும். ‘பழைய இரும்பு’ என்றாலோ, எடைக்குப் போடுவது என்றே காது எடுத்துக்கொள்ளும்.

என் பரிந்துரை ‘பெயர்த்த பொருள்’. அதே பூங்காவில் ஆற்றை நோக்கி இறங்கும் அகன்ற கருங்கல் படிக்கட்டு, ரூசவெல்ட் தீவுப் பாலத்தைப் புதுப்பித்தபோது கழித்த 300-க்கும் மேற்பட்ட கற்களால் ஆனது. ஓரிடத்தில் பதிந்திருந்ததை ஆள்பலமோ கருவியோ கொண்டு எடுத்து, உரு மாறாமல் வேறிடத்தில் வைத்த செயலை, பெயர்த்தல் என்பதைவிடச் சுருக்கமாக எந்த வினையும் சொல்லவில்லை. பெயரெச்சமாகவே நிற்பதால் பெயர்த்த கல், பெயர்த்த தூண், பெயர்த்த தண்டவாளம் என்று வேண்டியதோடெல்லாம் சேரும். ‘பெயர்பொருள்’ என்று சுருக்க மட்டும் வேண்டாம். இலக்கணப் புத்தகத்துச் சொல்போல் ஒலிக்கிறது.

இதற்கு இணையாக இன்னொரு சொல்லும் தேவை. மேல்தளத்தை அகற்றிய பிறகு நீரில் வரிசையாக நிற்கும் பழைய மரத்தூண்களை யாரும் பெயர்க்கவில்லை. 2ஆம் துறைமேடையில் பழைய கொட்டகையின் எஃகுச் சட்டகம் இன்று விளையாட்டுத் திடல்களுக்குக் கூரை தாங்குகிறது. சியாட்டில் நகரில் 1906 முதல் 1956 வரை இயங்கிய நிலக்கரி வாயு ஆலையின் கோபுரங்களையும், நிலவடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் ஏரிக்கரையில் நின்ற இடத்திலேயே நிற்கவிட்டு, 1975இல் திறந்த பூங்காவுக்கு அவற்றையே முகமாக்கினார். இவற்றுக்கு ‘விட்டுவைத்த’ என்பதே போதும். ‘தக்கவைக்கப்பட்ட கட்டமைப்புக் கூறுகள்’ என்று நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நீர்முகப்புப் பூங்கா (waterfront park) என்ற சொல் பற்றியும் ஒரு வரி. கரைப்பூங்கா என்றால் முடிந்தது. துறைப்பூங்கா எனக்குப் பிடித்த சொல்தான்; ஆனால் எந்தத் துறைக்குச் சொந்தமான பூங்கா என்று கேட்பார்கள்.

மறுமொழி:

ஐயா, கல்லுக்குத் தாங்கள் சொன்னது சரி. மரத்துக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊர் மரவாடியில் பழைய உத்தரம் கேட்டபோது, “வீடு பிரிச்ச மரம் உள்ளே கிடக்கு” என்றார்கள். பெயர்த்த மரம் என்று எவரும் சொல்லவில்லை. ரம்பத்தில் ஏற்றுமுன் ஒருவர் உத்தரத்தின் நான்கு பக்கமும் உள்ளங்கையால் தடவி, துருக்கறை கண்ட இடத்தில் உளியால் தோண்டி ஆணியைப் பிடுங்கினார். ஓர் ஆணி தப்பினாலும் ரம்பத்தின் பல் போய்விடுமாம். இவ்வளவு வேலை நடக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்க, நாம் ஏன் வேறு சொல்லைத் தேட வேண்டும்? பொதுச்சொல்லாகவே ‘பிரித்தெடுத்த பொருள்’ என்று வைக்கலாமே.

மறுமொழி:

பிரித்த மரத்தை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். இணைப்பைக் கழற்றி எடுப்பதைப் பிரிப்பது என்றும், பதிந்ததை எடுப்பதைப் பெயர்ப்பது என்றும் வழக்கே வேறுபடுத்தியிருப்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆனால் பிரித்தெடுத்தல் என்பதை வேதியியல் பாடநூல்கள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டன. எனவே பொதுச்சொல்லாகப் ‘பெயர்த்த பொருள்’ இருக்கட்டும். அதன் கீழ், மரத்துக்கும் மரச்சட்டங்களுக்கும் ‘பிரித்த’ என்று வழங்குக எனக் குறிப்பு எழுதலாம். 1ஆம் துறைமேடையின் குன்றுகளுக்கு நகரின் ரயில் சுரங்கப்பாதையில் குடைந்தெடுத்த பாறையைக் கொட்டினார்கள். அது பெயர்த்ததும் அன்று, பிரித்ததும் அன்று, அதற்கு முன் அது எந்தக் கட்டடத்திலும் இருந்ததில்லை. ஆகவே அதை இந்தப் பதிவில் சேர்க்காமல், ‘குடைகல்’ என்று தனிப் பதிவாக எழுதியிருக்கிறேன். மறுப்பிருந்தால் தெரிவியுங்கள்.