மாவட்ட ஆஸ்பத்திரியில் 60 பேரை வைத்து ஆராய்ச்சி: தேவையா, வீண்வேலையா?

பரந்தன் தம்பி (செவ்வாய், இரவு 9.10)
வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்கிறேன். வயிற்று ஒப்பரேஷனுக்கு முன் தோலைத் துடைக்க நாங்கள் பாவிப்பது பொவிடோன் அயடின். அதற்குப் பதிலாகக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் துடைத்தால் காயம் சீழ் பிடிப்பது குறையுமா? 60 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. ஆறு மாதத்தில் முடிந்துவிடும். "எம்.டி.க்குப் படிக்கிற நேரத்தை ஏன் இதில் கரைக்கிறாய்" என்கிறார் சீனியர் ஒருவர். கொழும்பிலும் லண்டனிலும் கண்டுபிடித்ததையே நாங்கள் காலமெல்லாம் பாடமாக்குவதா என்று எனக்குக் கோபம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தியேட்டர் மிஸ்ஸி (9.48)
தம்பி, உங்கள் சீனியர் சொன்னது சரி. நான் ஒப்பரேஷன் தியேட்டரில் 31 வருடம் நேர்ஸாக நின்றவள். வேலை செய்த ஓரிடத்தில் இப்படித்தான் ஒரு டொக்டர் காயம் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார். நாலு பக்கப் படிவம். முதல் பக்கம் தியேட்டரில், மிச்சம் வாட்டில். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு டொக்டருக்கு இடமாற்றம். படிவங்களை ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றினோம். மாரி முடிந்து இறக்கினால் பாதிவரை கறையான் மண். தப்பிய படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். "30ஆம் நாள் காயத்தின் நிலை" என்ற கட்டம் ஒன்றிலும் நிரப்பப்படவில்லை. கறையான் தின்னாமல் விட்டிருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது.

மாங்குளத்தான் (10.05)
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறீர்களா, மிஸ்ஸி? எங்கள் வெயில் வேறு, எங்கள் தண்ணீர் வேறு. ஒப்பரேஷன் முடிந்து வந்தவர் தையல் காயமுன் வயல் வரம்பில் நிற்பார். லண்டன்காரனுடைய கணக்கு இவருக்கு எப்படிப் பொருந்தும்? தம்பி, நீங்கள் செய்யுங்கள். இன்னொன்று, ஒப்பரேஷன் என்பது கைராசியும்தான். அதை எல்லாம் படிவத்தில் அளக்க ஏலாது.

ஒட்டுசுட்டான் டு பேர்மிங்ஹாம் (புதன், அதிகாலை 2.30)
இங்கே இரவு பத்து மணி, டியூட்டி முடிந்து எழுதுகிறேன்.

தம்பி, மனம் நோகாதீர்கள். இந்தக் கேள்விக்கு 2021இலேயே லான்செட் என்ற மருத்துவ இதழில் பதில் வந்துவிட்டது. அந்த ஆராய்ச்சிக்கு ஃபால்கன் என்று பெயர். இந்தியா, நைஜீரியா, கானா உட்பட 7 நாடுகளில் 5,788 பேர். நீங்கள் சொன்ன அதே இரண்டு மருந்துகள். கிருமிகொல்லி பூசிய தையல் நூலையும் சாதாரண நூலையும்கூட ஒப்பிட்டார்கள். குளோர்ஹெக்சிடினும் பூசிய நூலும் மேல் என்று காட்ட முடியவில்லை. மாங்குளத்தான் அண்ணை, அந்த ஏழு நாட்டில் லண்டன் இல்லை. வெயிலடிக்கிற ஊர்கள்தான்.

60 பேர் கணக்கையும் பாருங்கள். நூற்றுக்கு 10 பேருக்குச் சீழ் பிடிக்கிறது என்று வைப்போம். 30 பேரில் 3 பேர். புது மருந்து அதைப் பாதியாக்கினால் 1 அல்லது 2. இந்த வித்தியாசம் மருந்தே இல்லாமல் தற்செயலாகவும் வரும். நம்பிச் சொல்ல வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் 400 பேருக்கு மேல் வேண்டும்.

கைராசிக்கும் ஒரு கதை இருக்கிறது. 2002இல் ஹூஸ்டனில் முழங்கால் தேய்ந்த 180 பேர். சிலருக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டினார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. எல்லாம் ஒரே சேர்ஜனின் கை. இரண்டு வருடம் கழித்து வலியில் வித்தியாசமே இல்லை. அதுவரை அந்த ஒப்பரேஷனால் எத்தனை பேர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்திருப்பார்களோ.

மாங்குளத்தான் (காலை 6.40)
ஃபால்கனை நடத்தியதே பேர்மிங்ஹாம் கம்பஸ்தான் என்று கூகிள் சொல்கிறது. தன் ஊர்த் தயிர் புளிக்கும் என்று யார் சொல்வார்கள்? சரி, கைராசியை விடுகிறேன். ஆனால் ஏழு நாட்டில் இலங்கை இல்லையே. அங்கே எழுதியதை நாங்கள் வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டுமா?

ஒற்றைக்கால் விவசாயி (7.15)
நீங்கள் டொக்டர்மார் கதைக்கிற இடத்தில் நான் எழுதலாமோ தெரியவில்லை. 2009இல் கால் போனது. பிறகு முனையில் இரண்டு முறை திருத்த ஒப்பரேஷன். படிவத்தோடு வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன், ஆறு தரம். கம்பஸ் பிள்ளைகள், வெளிநாட்டுக்காரர், இன்னும் யார் யாரோ. செல் விழுந்த நாளில் இருந்து எல்லாம் சொன்னேன். ஒரு தரம் சொன்னால் இரண்டு நாள் நித்திரை வராது. நான் திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: பொய்க்காலோடு சேற்றில் நின்றால் முனையில் புண் வருகிறது, என்ன செய்யலாம்? "அது எங்கள் படிவத்தில் இல்லை ஐயா" என்றார் ஒரு பிள்ளை. பாவம், அவரில் பிழையில்லை. ஆறு பேரில் ஒருவரும் என்ன கண்டுபிடித்தோம் என்று திரும்பி வந்து சொல்லவில்லை. 60 பேரோ 6,000 பேரோ, எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

தியேட்டர் மிஸ்ஸி (8.02)
தம்பி, ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசியுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் வாட்டில் போன வருடம் எத்தனை காயம் சீழ் பிடித்தது? "குறைவு" என்பீர்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். மூன்றாம் நாள் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். துணுக்காய்ப் பக்கத்து ஆள் தையல் வெட்ட இரண்டு பஸ் மாறி எங்களிடமா வருவார்? ஊர் ஆஸ்பத்திரியில் வெட்டுவார், சீழ் வந்தால் மருந்து கட்டுவதும் அங்கேதான். எங்கள் புத்தகத்தில் அவர் சுகம். முப்பது நாள் கணக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியின் மருந்து கட்டுகிற அறைக் கொப்பியில்தான் இருக்கிறது.

ஒட்டுசுட்டான் டு பேர்மிங்ஹாம் (பின்னேரம் 6.20)
மிஸ்ஸி சொன்ன பிஸ்கற் பெட்டி உலகமெங்கும் இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட 395 சத்திரசிகிச்சை ஆராய்ச்சிகளைத் தேடிப் பார்த்து 2014இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். 81 இடையில் நின்றுவிட்டன, அதிகம் சொல்லப்பட்ட காரணம் ஆள் சேராதது. முடிந்த 314இல் வெளிவந்தது 208. மிச்சம் நூற்றுச் சொச்சம் எந்த அலுமாரிக்கு மேல் இருக்கிறதோ.

இடமாற்றத்துக்கு இங்கே ஒரு வழி பிடித்தார்கள். பயிற்சி டொக்டர்கள் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. அதனால் வேலை ஆளோடு போகாமல் கூட்டத்தோடு நிற்கிற மாதிரி அமைத்தார்கள். ரொசினி என்ற ஆராய்ச்சி அப்படித்தான், 21 ஆஸ்பத்திரிகள், 760 பேர். காயத்தின் விளிம்பைக் காக்கிற பிளாஸ்டிக் உறையால் பிரயோசனம் இல்லை என்று 2013இல் வந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் ஒரே படிவத்தை, ஒரே சொல்லோடு நிரப்பினால் என்ன குறை? மருந்தை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் முதல் ஆளைச் சேர்க்க முன்பே இலங்கையின் மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதியுங்கள். அது 2006இல் இருந்து இருக்கிறது.

அப்புறம், மருந்தை விட்டுவிட்டுக் கையுறையைப் பாருங்கள். 2022இல் சீட்டா என்ற ஆராய்ச்சி. 13,301 பேர். சில ஆஸ்பத்திரிகளில் வயிற்றை மூட முன்பு எல்லோரும் புதுக் கையுறை, புதுக் கருவி, மற்றவற்றில் வழக்கம்போல. வழக்கம்போல செய்த இடங்களில் சீழ் 18.9 வீதம், மாற்றிய இடங்களில் 16 வீதம்.

தியேட்டர் மிஸ்ஸி (7.05)
கையுறை மாற்றலாம். கருவி? மூடுவதற்கென்று தனி செற் கட்ட வேண்டும். இரவில் இரண்டு சிசேரியன் ஒன்றாக வந்தால் கருவி அவிக்கிற ஓட்டோகிளேவில் இருப்பதே அடுத்த ஆளுக்குக் காணாது. பேர்மிங்ஹாமில் இருந்து ஓர் ஊசிதாங்கி அனுப்பிவிடுங்கள், பார்ப்போம்.

மாங்குளத்தான் (7.20)
அப்படியென்றால் மிஸ்ஸி, இங்கே அந்தச் செற் காணுமா காணாதா என்பதே ஓர் ஆராய்ச்சி இல்லையா? அதற்கு 5,000 பேர் தேவையில்லையே.

தியேட்டர் மிஸ்ஸி (7.31)
அது ஆராய்ச்சி இல்லை, ஸ்ரோர்ஸ் புத்தகத்தைத் திறந்து பார்க்கிற வேலை. ஆனால் அதைத் திறக்கத்தான் ஆளில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பரந்தன் தம்பி (9.30)
நேற்றிரவு கோபம் வந்தது, மறைக்கவில்லை. 60 பேர் யோசனையைக் கைவிடுகிறேன். சீனியர் சொன்ன காரணத்துக்காக இல்லை, அதை இன்னும் ஏற்கவில்லை. முதலில் மூன்று மாதம் எண்ணப் போகிறேன். வயிற்று ஒப்பரேஷன் செய்த ஒவ்வொருவருக்கும் 30ஆம் நாள் ஒரு போன் கோல். நாலு பக்கம் இல்லை, நாலு கேள்வி: சீழ் வந்ததா, யார் மருந்து கட்டினார்கள், திரும்ப வாட்டில் நின்றீர்களா, எத்தனையாம் நாள் வேலைக்குப் போனீர்கள். கடைசிக் கேள்வி ஐயாவால் வந்தது. வவுனியாவில் என் பட்ச் நண்பன் ஒருவன் அதே நாலு கேள்வியை எடுக்கச் சம்மதித்திருக்கிறான். ஐயா, உங்கள் சேற்றுக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பொய்க்கால் செய்கிறவர்களிடம் கேட்டு இங்கேயே எழுதுகிறேன்.

ஒற்றைக்கால் விவசாயி (9.52)
எழுதுங்கோ தம்பி, பார்த்துக்கொண்டிருப்பேன். கோல் எடுக்கிற விசயத்தில் ஒன்று சொல்லவேண்டும். அருவி வெட்டு நேரம் பகலில் அடித்தால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள், போன் வீட்டில் கிடக்கும். ஆறு மணிக்குப் பிறகு அடியுங்கோ. புது நம்பர் என்றால் லோன்காரர் என்று நினைத்து வெட்டிவிடுவோம், நானும் அப்படித்தான். அதனால் டிக்கெட் வெட்டும்போதே எந்த நம்பரில் இருந்து வரும் என்று கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கோ.