இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஆங்கில ஸ்பீக்கிங் வகுப்பாகுமா?

கரும்பலகை: "40 பேரும் ஆளுக்கு 2 நிமிடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும், அதுதான் கம்யூனிகேட்டிவ் முறை" என்று ஒலியலை எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டாரா? மொத்தம் 80 நிமிடம். வகுப்பே 45 நிமிடம்தான். 2 நிமிடம் என்றதும் மாணவர் எழுதி வைத்துப் படித்துவிடுவார். இயல்பான பேச்சில் வரும் தயக்கமும் இராது, வாக்கியத்தைப் பாதியில் மாற்றுவதும் இராது.

ஒலியலை: எல்லாவற்றையும் ஆசிரியரே கேட்கச் சொன்னேனா? ஜோடி போடுங்கள். ஒரே படம், 8 வித்தியாசங்களோடு இரண்டு வடிவம், ஆளுக்கு ஒன்று. ஒருவர் விவரித்து அனுப்ப, மற்றவர் கேள்வி கேட்டுப் பதில் அனுப்ப வேண்டும். 30 நொடி யோசனை, உடனே பதிவு. எழுத நேரம் ஏது? 2 நிமிடத்துக்குக் குறைந்தால் அறிமுக வாக்கியங்களிலேயே நின்றுவிடுவார்கள்.

புதுவரவு: கம்யூனிகேட்டிவ் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்?

கரும்பலகை: புதுவரவு, விதியை ஒப்பிக்காமல், ஒருவருக்கு ஒன்றை உண்மையிலேயே தெரிவிக்கப் பேசிப் பேசியே மொழியைக் கற்பதுதான் அது. ஒலியலை, 30 நொடி என்பது வகுப்பில் செல்லும். வீட்டில் யார் கடிகாரம் பார்ப்பது? 2 நிமிடம் தனியே பேசுவது ஒப்பித்தல். 1983-இல் கீத் மாரிஸ் சொன்ன 4-3-2 முறையைப் பாருங்கள். அதே விஷயத்தை முதலில் 4 நிமிடம், பிறகு வேறொருவரிடம் 3, இன்னொருவரிடம் 2. கேட்பவர் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். அதே ஆள் என்றால் அவருக்குக் கதை தெரிந்துவிடும், பேசுபவருக்குச் சொல்லக் காரணமே இல்லை. தொடக்கநிலைக்கு 3-2-1.

ஒலியலை: ஆக, உங்கள் முறையும் 2 நிமிடத்தில்தான் முடிகிறது. அதைத்தானே ஐயா நானும் சொன்னேன்?

கரும்பலகை: அது மூன்றாவது சுற்று! 7 நிமிடம் பேசிய பிறகு வரும் 2 நிமிடம். உங்களுடையது வெறும் 2 நிமிடம்.

இலக்கணப்புலி: இவ்வளவு எதற்கு? பேச்சை எழுத்தாக்கும் செயலியில் போட்டால் பிழை தானாகத் தெரியும்.

கரும்பலகை: தெரியாது. மாணவர் "ஹீ கோ" என்றால் பல செயலிகள் "ஹீ கோஸ்" என்று திருத்தியே எழுதும். பிழை மறைந்துபோகும். சொல்லழுத்தமும் தொனியும் எழுத்தில் வரவே வராது.



ஒலியலை: 4-3-2 நடத்தினால் 20 பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். போனில் பக்கத்து ஆள் குரல்தான் பதிவாகும்.

கரும்பலகை: மைக் உள்ள இயர்போனை மாட்டுங்கள், இல்லையென்றால் போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றை மட்டும் பதிவுசெய்து, 5 பதிவு கேட்டால் போதும். பொதுவான 3 பிழைகளைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். பேச்சின் நடுவே திருத்தினால் மாணவர் வாய் மூடிக்கொள்வார்.

ஒலியலை: கூச்சப்படும் மாணவர் தனியறையில் நான்கு தடவை அழித்துப் பதிவுசெய்வார். அந்த நான்கும் பயிற்சிதான். அதை உங்கள் வகுப்பு தருமா?

கரும்பலகை: நான்கு தடவை அழித்தால் ஐந்தாவது மனப்பாடம். கேட்பவர் முகம் சுளித்தால் அந்த நொடியே வேறு சொல் தேடுவதுதான் பேச்சு. 2 நிமிடப் பதிவில் அது நடக்காது.

ஒலியலை: பதில் கேள்வி வந்தால் நடக்கும். 2 நிமிடம்தான் சரி.

கரும்பலகை: மூன்றாவது சுற்றில் மட்டும்.