பழைய கீநோட் குறிப்புகளை எதற்கு மாற்றுவது?

ஏட்டுக்கட்டு:
ஆப்பிளின் கீநோட் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் ஓடிய பழைய இலவசக் குறிப்பேடு. இடப்பக்கம் கிளை கிளையாக ஒரு மரம், வலப்பக்கம் உரை. மாரெக் யெட்லின்ஸ்கி எழுதியது. 2000-களின் நடுவிலேயே அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. இன்றும் திறக்கிறது, ஆனால் கணினி மாற்றும்போது இதையும் மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

கிளைகள் நான் அடுக்கிய வரிசையிலேயே இருக்க வேண்டும். நிறம் போகக் கூடாது. சிவப்பில் இருந்தால் இன்னும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம், எல்லாக் குறிப்பிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இணையம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். கைப்பேசியில் படிக்க முடிந்தால் நல்லது. இன்னொன்று, பழைய குறிப்புகளில் பாதி பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. எதற்கு மாறலாம்?

வெற்றுரை:
அப்சிடியன் என்ற குறிப்புச் செயலி. யோசிக்கவே வேண்டாம். ஒரு கோப்புறை, அதற்குள் மார்க்டவுன் கோப்புகள் (தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைச் சில குறிகளால் காட்டும் வெறும் உரை), அவ்வளவுதான். நாளைக்கு அப்சிடியனே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஈக்கோ ப்ரோ என்ற குறிப்பு மென்பொருளின் வளர்ச்சியை 1997-இல் நிறுத்தினார்கள். கூகுள் நோட்புக்கை 2012-இல் மூடினார்கள். ஸ்பிரிங்பேட் 2014-இல் போனது. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் இதே கேள்வியோடுதான் வந்தார்கள். உரைக்கோப்பு வைத்திருந்தவர் யாரும் வரவில்லை.

கருவேலன்:
அவர் கேட்ட முதல் விஷயத்திலேயே அப்சிடியன் தோற்றுவிட்டதே! அதன் கோப்புப் பட்டியல் பெயரையோ தேதியையோ வைத்துத்தான் அடுக்கும். "முன்னுரை, கருவிகள், கணக்கு, பிழைகள்" என்று நீங்கள் வைத்த வரிசை அங்கே போனதும் "கணக்கு, கருவிகள், பிழைகள், முன்னுரை" ஆகிவிடும். 01, 02 என்று எண் போட்டுச் சமாளிக்கலாம். நடுவில் ஒன்றைச் செருகினால் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் மறுபடி எண் மாற்ற வேண்டும். அதற்குச் செருகுநிரல், அதாவது வேறு யாரோ எழுதிய துணைநிரல், இருக்கிறதே என்பீர்கள். அதை எழுதியவர் எத்தனை நாள் பார்த்துக்கொள்வார்?

அப்புறம், கீநோட்டில் ஒரு கிளைக்குச் சொந்த உரையும் இருக்கும், அதற்கு அடியில் துணைக்கிளைகளும் இருக்கும். கோப்புறைக்குச் சொந்த உரை ஏது? அதே பெயரில் ஒரு கோப்பை உள்ளே வைத்துச் சமாளிக்க வேண்டும். தலைப்புகளும் உதைக்கும். "மின்சுற்று 12/24?" என்று கிளைக்குப் பெயர் வைத்திருந்தால் விண்டோஸ் அதைக் கோப்புப் பெயராக ஏற்காது. ஒரே கிளைக்கு அடியில் "மற்றவை" என்று இரண்டு இருந்து, மாற்றும் நிரல் அதைக் கவனிக்காவிட்டால், இரண்டாவது முதலாவதன் மேல் எழுதிவிடும். சத்தமே இல்லாமல்.

செர்ரிட்ரீயைப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். கீநோட், ட்ரீபேட், டாம்பாய் கோப்புகளை நேரடியாக இறக்குமதி செய்யும். மரம் மரமாகவே வந்து சேரும். நிறம் வருகிறதா என்பதை மட்டும் ஒரு சிறிய கோப்பை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி கீநோட் என்எஃப். பழைய கீநோட்டின் மூலநிரலை எடுத்து டேனியல் பிராடோ தொடர்ந்து வளர்க்கும் பதிப்பு. யூனிகோட் உண்டு, பழைய கோப்பை அப்படியே திறக்கும்.

வெற்றுரை:
ஒரே ஆள் பராமரித்த மென்பொருளிலிருந்து தப்பிக்க, ஒரே ஆள் பராமரிக்கும் இன்னொன்றா? செர்ரிட்ரீயும் பெரும்பாலும் ஜூசெப்பே பெனோனே என்ற ஒருவரின் உழைப்புதான். உழைப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் கேட்டவரின் சிக்கல் அப்படியே தள்ளிப்போகிறது, தீரவில்லை.

நிறத்துக்கு வருகிறேன். மார்க்டவுனில் நிறம் கிடையாது, சரி. ஆனால் ஏட்டுக்கட்டின் சிவப்பு அழகுக்கு வைத்தது இல்லை, "சரிபார்" என்று பொருள். அதைக் குறிச்சொல்லாகவே எழுதிவிடலாமே? குறிச்சொல்லைத் தேடலாம், பட்டியல் எடுக்கலாம். சிவப்பை எப்படித் தேடுவீர்கள்?

ஏட்டுக்கட்டு:
தேட வேண்டியதே இல்லை, கண்ணில் படும். பக்கத்தைத் திறந்ததும் சந்தேகம் எங்கே என்று தெரிய வேண்டும். பல இடங்களில் ஒரு வாக்கியத்தின் நடுவில் ஓர் எண் மட்டும் சிவப்பாக இருக்கும். அங்கே போய்க் குறிச்சொல் போட்டால் வாக்கியத்தையே படிக்க முடியாது.

வெற்றுரை:
அந்த எண்ணுக்கு இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறி போடுங்கள். அப்சிடியன் மஞ்சள் பூசிக் காட்டும்.

கருவேலன்:
அது மார்க்டவுன் இல்லை, அப்சிடியனும் இன்னும் சிலவும் ஏற்றுக்கொண்ட வழக்கம். 2004-இல் ஜான் கிரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் அட்டவணைகூடக் கிடையாது. இரட்டைச் சதுர அடைப்பு இணைப்புகள், சமக்குறிப் பூச்சு, செருகுநிரலுக்கு எழுதும் வினவல்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் அப்சிடியனில் மட்டும் ஒழுங்காகத் தெரியும் கோப்புதான் மிஞ்சும். நோட்பேடில் திறக்கும், மறுக்கவில்லை. அப்சிடியனே கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதையும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

வெற்றுரை:
சமக்குறி இருந்தாலும் எண் எண்ணாகத்தானே இருக்கிறது? கோப்பு என் வட்டில் இருக்கும்போது, அதைக் காட்டும் நிரலின் உரிமம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அது பெரிய விஷயம் என்பவர்களுக்கு ஜாப்லின் இருக்கிறது. ஆனால் அது குறிப்புகளை ஒரு தரவுத்தளத்துக்குள் வைக்கும், வேண்டும்போது மார்க்டவுனாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

மின்மினி:
இந்தச் சண்டையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. மைக்ரோசாஃப்டின் ஒன்நோட்டில் நிறம் உண்டு, கையால் அடுக்கும் வரிசை உண்டு, துணைப்பக்கம் உண்டு, கைப்பேசிச் செயலி உண்டு. அவர் கேட்டதெல்லாம் ஒரே இடத்தில். செர்ரிட்ரீக்குக் கைப்பேசிச் செயலி இருக்கிறதா?

பழங்கணினி:
ஒன்நோட்டில் எந்த ஒன்நோட்? "விண்டோஸ் 10-க்கான ஒன்நோட்" என்று ஒன்று இருந்தது, அதற்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. எவர்நோட் என்ற குறிப்புச் சேவையும் இப்படித்தான் எல்லாம் ஒரே இடத்தில் என்று வந்தது. 2022 நவம்பரில் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற நிறுவனம் அதை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது, 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஓர் ஏடு என்று சுருக்கினார்கள்.

எனக்குக் கேட்டால் மாற்றவே வேண்டாம். கீநோட் 32 பிட் நிரல், விண்டோஸ் 11-இலும் ஓடும், லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் வழியாகத் திறக்கலாம். ஓடுகிற வண்டியை எதற்கு விற்பது?

மின்மினி:
எவர்நோட் 50-க்கு மேல் இருந்த பழைய குறிப்புகளை அழிக்கவில்லை. பார்க்கலாம், திருத்தலாம், ஏற்றுமதி செய்யலாம், புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது. பாதிக் கதையைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். ஒன்நோட்டிலும் அந்த ஒரு செயலிதான் நின்றது, குறிப்புகள் இன்னொரு ஒன்நோட்டில் அப்படியே திறக்கின்றன.

எழுத்தாணி:
எல்லோரும் பாமினியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எந்த மென்பொருள் என்று அப்புறம் சண்டை போடலாம், முதலில் இதைக் கவனியுங்கள். இதில் சறுக்கினால் எங்கே போனாலும் குப்பையைத்தான் கொண்டுபோவீர்கள்.

ஆங்கில எழுத்துகள் உட்காரும் அதே இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு பாமினி. கோப்புக்குள் தமிழே கிடையாது. திரையில் "அம்மா" என்று தெரிவது, எழுத்துருவைக் கழற்றினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கீநோட் உரையை ஆர்டிஎஃப் வடிவில் வைக்கும், அதாவது எழுத்துரு, நிறம் எல்லாம் உரையோடு சேர்ந்தே பதிவாகும். இது தமிழ் என்று சொல்ல ஒரே சாட்சி, அந்த ஆர்டிஎஃப் உரைக்குள் இருக்கும் எழுத்துருவின் பெயர். மார்க்டவுனாகவோ வெற்றுரையாகவோ ஏற்றுமதி செய்த நிமிடமே அந்தச் சாட்சி போய்விடும். அதற்குப் பிறகு மாற்றியில் போட்டால் என்ன ஆகும்? நடுவில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்கள், இணைய முகவரிகள், நிரல் வரிகள் எல்லாம் சேர்ந்து பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும்.

யூனிகோடுக்கு முன் புழங்கிய இன்னொரு தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியாக இருந்தால் இவ்வளவு பயம் இல்லை. அது 8 பிட், கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கு, மேல்பாதி தமிழுக்கு. கலந்து கிடந்தாலும் நிரலால் பிரிக்க முடியும். பாமினியில் இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

கீநோட் கோப்பை ஒரு நகல் எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் முதலில் கீநோட்டிலேயே பூட்டை எடுத்துச் சேமியுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் தலைப்பு ஒரு வரி, எந்த மட்டத்தில் இருக்கிறது என்ற எண் ஒரு வரி, பிறகு ஆர்டிஎஃப் உரை. ஆர்டிஎஃபின் தொடக்கத்தில் எழுத்துருப் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண். உரையில் எழுத்துரு மாறும் இடத்தில் அந்த எண் வரும். பாமினியின் எண்ணுக்குக் கீழ் வரும் துண்டுகளை மட்டும் யூனிகோடாக்க வேண்டும். நிறத்துக்கும் இதே ஏற்பாடுதான், நிறப்பட்டியலும் எண்ணும். எனவே சிவப்புத் துண்டுகளையும் அதே ஓட்டத்தில் பிடித்து, சமக்குறியோ நட்சத்திரமோ எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். பைத்தான் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. நிரல் எழுத வராது என்றால், கீநோட் என்எஃபில் கிளை கிளையாகத் திறந்து, பாமினிப் பத்திகளை மட்டும் என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டலாம். மெதுவாகத்தான் நகரும்.

கிளைத் தலைப்புகளில் ஆர்டிஎஃப் கிடையாது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும், குறுக்குவழி இல்லை.

கருவேலன்:
வெற்றுரை நண்பரே, இதைக் கவனித்தீர்களா? "உரைக்கோப்புதான் நிலைக்கும்" என்று அன்றைக்கே யாராவது இந்தக் குறிப்புகளை வெற்றுரையாக மாற்றியிருந்தால் இன்று பிரித்தெடுக்க வழியே இருந்திருக்காது. நீங்கள் வேண்டாம் என்கிற அந்த ஆர்டிஎஃப்தான் இத்தனை நாள் தமிழைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

வெற்றுரை:
அது எழுத்துருவின் கோளாறு, உரைக்கோப்பின் கோளாறு இல்லை. யூனிகோடில் எழுதியதற்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் வேலையின் வரிசை மாறுகிறது, அதை ஏற்கிறேன். முதலில் யூனிகோட், பிறகுதான் மார்க்டவுன். மாற்றி முடித்த பிறகும் பழைய கோப்பை அழிக்காதீர்கள், எங்காவது ஒரு மூலையில் கிடக்கட்டும்.

பழங்கணினி:
ஆக, பழைய நிரலையும் வைத்திருக்க வேண்டும். நான் சொன்னதுதான்.

வெற்றுரை:
கோப்பை வைத்திருங்கள் என்றேன். நிரலை இல்லை.

ஏட்டுக்கட்டு:
எல்லோருக்கும் நன்றி. கீநோட் என்எஃபை நிறுவிப் பார்த்தேன், மரமும் நிறமும் அப்படியே இருக்கின்றன. இப்போதைக்கு அதில் இருந்துகொண்டு பாமினியை முடிக்கப்போகிறேன். அப்சிடியனா செர்ரிட்ரீயா என்பதைப் பிறகு பார்க்கலாம். மின்மினி மன்னிக்கவும், வேறொருவர் சேவையகத்தில் இவற்றை வைக்க மனம் வரவில்லை.

எழுத்தாணி, ஒரு கிளையை நோட்பேடில் திறந்தேன். எழுத்துருப் பட்டியலில் பாமினி இரண்டு எண்களில் இருக்கிறது. ஏன்? இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

எழுத்தாணி:
இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்துரு வேறு எழுத்துத்தொகுப்புக் குறியோடு பதிவாகியிருந்தால் இப்படித் தனித்தனி எண் விழும். நிரல் எழுதும்போது எண்ணை நேராகப் போடாதீர்கள், பெயரை வைத்துத் தேடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஆர்டிஎஃப் தனி, எழுத்துருப் பட்டியலும் தனி. இந்தக் கிளையில் 1 என்று இருக்கும் பாமினி அடுத்ததில் 3 ஆக இருக்கலாம், அங்கே 1 ஏரியலாக இருக்கலாம். ஆங்கிலமும் தமிழும் கலந்த ஒரு கிளையை முதலில் ஓட்டிப் பார்த்து, விடையை இங்கே போடுங்கள்.