மெட்டல் பாட்டுல ஒளிச்சு வச்ச மோர்ஸ், ரிவர்ஸ், தாளக் கணக்கு: ஆடாசிட்டில எப்படிப் பிடிக்கிறது?

முத்தியால்பேட்டை_பேஸ்:
வணக்கம். ஞாயித்துக்கிழமை லாஸ்பேட்டைல சில பேர் ஒண்ணா உட்கார்ந்து புராக்ரெஸிவ் மெட்டல் கேட்கப் போறோம். பாட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற விஷயங்களைத் திரையில காட்டணும்னு ஆசை. முதல்ல டிரீம் தியேட்டரோட "இன் தி நேம் ஆஃப் காட்". 2003ல வந்த "டிரெயின் ஆஃப் தாட்" ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. அதுல மோர்ஸ் (புள்ளியும் கோடுமா எழுத்தை அனுப்புற தந்திக் குறியீடு) இருக்கறது ஊரறிஞ்ச விஷயம். ஆனா ஆடாசிட்டில (ஒலியை வெட்டி ஒட்டுற மென்பொருள்) ஸ்பெக்ட்ரோகிராமா, அதாவது எந்த நேரத்துல எந்த அதிர்வெண் ஒலிக்குதுன்னு காட்டுற படமா, மாத்திப் பார்த்தா கிட்டார் மட்டும்தான் பட்டையா நிக்குது, புள்ளியும் கோடும் பிரியல. விண்டோ சைஸ் (ஒரு தடவைக்கு அலசுற ஒலித்துண்டோட நீளம்) 4096 சாம்பிள். கோப்பு யூடியூப்லேருந்து இறக்கின 128 கேபிபிஎஸ் எம்பி3. எங்க தப்பு? வேற எந்தப் பாட்டைக் காட்டலாம், எதை நம்பலாம்னும் சொல்லுங்க.

கெடிலக்கரை:
தப்பு விண்டோ சைஸ்லதான். சிடி ஒலியில நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது அத்தனை ஒலி அளவீடு. 4096 வச்சா ஒவ்வொரு கட்டமும் சுமார் 93 மில்லிநொடி நீளம். நிமிஷத்துக்கு 20 வார்த்தை வேகத்துல அடிக்கிற மோர்ஸ்ல ஒரு புள்ளி 60 மில்லிநொடிதான். புள்ளியும் அடுத்த இடைவெளியும் ஒரே கட்டத்துக்குள்ள விழுந்து குழம்பிடும். 1024க்கு இறக்குங்க. கட்டம் 23 மில்லிநொடி ஆகும். பதிலுக்கு சுருதி நுணுக்கம் 43 ஹெர்ட்ஸா தடிச்சுப் போகும், மோர்ஸுக்கு அது ஒண்ணும் குறையில்ல. அதிர்வெண் எல்லையை 300லேருந்து 3000 ஹெர்ட்ஸுக்குள்ள அடக்குங்க. அப்பவும் கிட்டார் மறைச்சா, சந்தேகப்படுற சுருதிக்குக் கீழ இருக்கிறதை வெட்ட ஹை-பாஸ், மேல இருக்கிறதை வெட்ட லோ-பாஸ், ரெண்டுக்கும் ரோல்-ஆஃப் (வெட்டு எவ்வளவு செங்குத்துங்கிறது) 48 டெசிபல்.

படிக்கும்போது நீளத்தை அளக்கணும். புள்ளி 1 பங்குன்னா கோடு 3 பங்கு. எழுத்துக்குள்ள இடைவெளி 1, எழுத்துக்கு எழுத்து 3, வார்த்தைக்கு வார்த்தை 7. இந்த விகிதம் வந்தா அது மோர்ஸ். வராம 1.4, 2.2னு கண்டபடி அலைஞ்சா அது கிட்டார் எதிரொலி, விட்டுடுங்க. இந்தச் சோதனையைச் செய்யாம "இங்க ஒரு செய்தி இருக்கு"ன்னு எழுதறவங்க பேச்சை எடுத்துக்காதீங்க. இந்தப் பாட்டுல இருக்கிற செய்தி, டிரம்மர் மைக் போர்ட்னாய் வழக்கமாச் சொல்ற ஒரு கெட்ட வார்த்தை வாசகம். வீட்டுப் பெரியவங்க இருந்தா திரையில மொழிபெயர்ப்பு வேண்டாம்.

கோப்பையும் மாத்துங்க. யூடியூப்ல ஏறும்போது ஒரு தடவை நசுங்கினதை எம்பி3யா மாத்தி இன்னொரு தடவை நசுக்கியிருக்கீங்க. மோர்ஸ் நடு சுருதியில இருக்கறதால தப்பிச்சுக்கும். ஆனா அதே பாட்டோட கடைசிப் பகுதியில "பேட்டில் ஹிம் ஆஃப் தி ரிபப்ளிக்" மெட்டு பின்னணியில ரொம்ப மெல்லிசா ஓடுது. அந்த மாதிரி அடியில கிடக்கிறதைத் தோண்டணும்னா ஸ்டீரியோவைப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு மட்டும் இன்வர்ட் (அலையைத் தலைகீழாப் புரட்டுறது) போட்டு, ரெண்டையும் கலந்து பார்க்கணும். நடுவுல நிக்கிற பாட்டுக்குரல், ஸ்னேர் டிரம், பேஸ் எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிடும், ஓரத்துல இருக்கிறது மிஞ்சும். குறைஞ்ச பிட்ரேட் எம்பி3 அந்த ஓர ஒலியிலதான் முதல்ல கை வைக்கும், அதனால தண்ணிக்குள்ள பேசற மாதிரி சத்தம்தான் கிடைக்கும். சிடியிலேருந்து எடுத்த, தரம் குறையாத ஃப்ளாக்கோ வேவோ வேணும். இன்வர்ட் போட்டதும் முழு நிசப்தம் ஆச்சுன்னா உங்க கோப்பு மோனோ, வேற எடுங்க.

நாலுகட்டை:
மோர்ஸ் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். அதே குழு 2005ல போட்ட "ஆக்டவேரியம்" தான் உண்மையான வேலைப்பாடு. எட்டாவது ஆல்பம், எட்டுப் பாட்டு. ஒரு கீபோர்டோ ஹார்மோனியமோ எடுத்துட்டுப் போங்க. முதல் பாட்டு 4 கட்டை (ஸி-யை 1னு வச்சா எஃப்), அடுத்தது 5, பிறகு 6, 7, 1, 2, 3, எட்டாவது மறுபடி 4 கட்டை. வெள்ளைக் கட்டை எட்டையும் மிதிச்சு ஒரு ஸ்தாயி ஏறி முடிக்கிறாங்க. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல வர்ற சின்னச் சின்ன ஒலித்துண்டுகள் கறுப்புக் கட்டை: 4½, 5½, 6½, 1½, 2½. ஏழுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல கறுப்புக் கட்டை கிடையாது இல்லையா, அதனால நாலாவது பாட்டு "ஐ வாக் பிசைட் யூ" முடிஞ்சு "பேனிக் அட்டாக்" நேரா இறங்குது. மூணுக்கும் நாலுக்கும் நடுவுலயும் அதே கதை. கட்டை வச்சுப் பேசற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வரியில புரியும். ஒவ்வொரு பாட்டிலயும் ஆதார ஸ்வரத்தை அமுக்கிப் பிடிச்சுக் காட்டுங்க, பாட்டு நடுவுல சுருதி மாறுற இடத்துல பிடிக்காதீங்க.

ஓபெத் குழுவையும் விடாதீங்க. 2002ல வந்த "டெலிவரன்ஸ்" ஆல்பத்தோட கடைசிப் பாட்டு முடிஞ்சு ஒரு நீண்ட மௌனம். அதுக்கப்புறம் தலைகீழா ஓடற ரெண்டு துண்டு வரும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் பட்டியல்ல ரிவர்ஸ் போட்டா, அதே ஆல்பத்துல இருக்கிற "மாஸ்டர்ஸ் அப்ரெண்டிசஸ்" பாட்டோட வரிகள் நேரா வந்து நிக்கும்.

மஞ்சக்குப்பம்_மிருதங்கம்:
எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது மெஷுகா குழுவோட "நியூ மில்லேனியம் சயனைட் கிரைஸ்ட்", 1998 "கேயாஸ்ஃபியர்" ஆல்பம். தொடக்க ரிஃப்ல (திரும்பத் திரும்ப வர்ற துண்டு) கிட்டாரும் கால் டிரம்மும் 23 மாத்திரைச் சுற்று. டிரம்மரோட கை மட்டும் சாதாரண நாலு எண்ணிக்கையில ஓடும். 23 அஞ்சு தடவை, ஆக 115. மிச்சம் 13 மாத்திரைக்கு ரிஃப்பை வெட்டி 128 ஆக்கி சமத்துல, அதாவது தாளத்தோட முதல் அடியில, சேர்றாங்க. ஆதி தாளத்துல ஒரு அட்சரத்துக்கு நாலு மாத்திரைன்னு வச்சா சரியா நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). கணக்குப் போட்டு சமத்துல முடிக்கிற கோர்வை வைக்கிற மாதிரியேதான்.

கூட்டத்துல எல்லாரையும் தாளம் போடச் சொல்லுங்க. ரெண்டாவது ரிஃப் முதல் ஆவர்த்தனத்தோட ஆறாவது அட்சரத்துல, அதாவது முதல் வீச்சுல, கடைசி மாத்திரையில ஆரம்பிக்கும். மூணாவது, ரெண்டாம் ஆவர்த்தனத்துல மோதிர விரலைத் தாண்டி நடுவிரல்ல மூணாவது மாத்திரை. நாலாவது, மூணாம் ஆவர்த்தனத்துல சுண்டுவிரல்ல ரெண்டாவது மாத்திரை. அஞ்சாவது மட்டும் அதே ஆவர்த்தனத்தோட கடைசி வீச்சு மேலயே பளிச்னு உட்காரும். கை அங்க விழுந்துதுன்னா எண்ணிக்கை சரி. விழலைன்னா பெரும்பாலும் ஸ்னேரைப் பார்த்து வேகத்தைப் பாதியா எடுத்திருப்பீங்க. சிம்பலைப் பிடிச்சு எண்ணுங்க.

டூல் குழுவோட "லேடரலஸ்" 2001. முதல் சரணத்துல ஆங்கில அசை 1, 1, 2, 3, 5, 8, 5, 3னு போகும், வேறொரு இடத்துல 13, 8, 5, 3. ஃபிபோனாச்சி வரிசை (முன்னால வந்த ரெண்டு எண்ணைக் கூட்டினா அடுத்த எண்), சந்தேகமே இல்ல. ஏறி இறங்கறதால நம்ம கணக்குல மிருதங்க யதி, நடுவுல பெருத்து ரெண்டு பக்கமும் சிறுத்த வடிவம். ரிஃப் 9, 8, 7னு குறையும், அது பசுவால் மாதிரி சிறுத்துப் போற கோபுச்ச யதி. பாட்டுக்கு முதல்ல வச்ச பேரே "9-8-7". 987 ஃபிபோனாச்சி எண்ணா அமைஞ்சதும் சேர்ந்து வந்தது. ஆனா "குரல் 1:37ல ஆரம்பிக்குது, அது 1.618 நிமிஷம், தங்க விகிதம்"னு சொல்றதை ஒத்துக்க முடியல. நிமிஷத்துக்கு 60 நொடின்னு நாம வச்சதாலதான் அந்த எண் வருது. அசை எண்ணிக்கை அப்படி இல்ல, எந்த அலகில எண்ணினாலும் நிக்கும்.

முத்தியால்பேட்டை_பேஸ்:
1024 வச்சதும் பிரிஞ்சு தெரியுது, நன்றி அண்ணே. இன்னும் ரெண்டு. டூலோட "டென் தவுசண்ட் டேஸ்" ஆல்பத்துல மூணு பாட்டு ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும்ங்கிறாங்களே, அது நம்பகமா? டிரீம் தியேட்டர்ல ஒரு ஆல்பம் முடியற ஒலியில அடுத்தது தொடங்குதே, அதை ஒட்டினா நடுவுல "டிக்"னு ஒரு இடைவெளி கேட்குது.

கெடிலக்கரை:
கணக்கு ஒத்துப்போகுது: "விங்ஸ் ஃபார் மேரி" 6:11, "விஜின்டி ட்ரெஸ்" 5:02, கூட்டினா 11:13, அதுதான் ஆல்பத்தலைப்புப் பாட்டோட நீளம். முதல் ரெண்டையும் ஒரே டிராக்ல வரிசையா வச்சு, நீளப் பாட்டைக் கீழ் டிராக்ல போடுங்க. ரெண்டு டிராக்குக்கும் 6 டெசிபல் குறைக்கலைன்னா கலக்கும்போது கிளிப் ஆகும். ஆனா இதை ரசிகர் ஊகம்னு சொல்லியே காட்டுங்க. "விங்ஸ்" அந்த நீளப் பாட்டோட முதல் பாகம், அதனால சுருதி சேர்றது அதிசயமில்ல.

இடைவெளிக்குக் காரணம் எம்பி3. என்கோடர், டிகோடர் ரெண்டும் சேர்ந்து தொடக்கத்துல சுமார் 1105 சாம்பிள், அதாவது 25 மில்லிநொடி நிசப்தம் சேர்க்கும். டிரீம் தியேட்டரோட ஒரு ஆல்பம் முடியற "ஃபைனலி ஃப்ரீ" பாட்டோட இரைச்சல், அடுத்து 2002ல வந்த ஆல்பத்தோட முதல் பாட்டு "தி கிளாஸ் ப்ரிசன்" தொடக்கத்தோடு ஒட்டணும்னா ரெண்டும் வேவா இருக்கணும், பிளேயர்ல கிராஸ்ஃபேடும் (ஒரு பாட்டைத் தேய்ச்சு அடுத்ததைக் கலக்கறது) வால்யூம் நார்மலைசேஷனும் அணைஞ்சிருக்கணும். நார்மலைசேஷன் ஓடினா ரெண்டு ஆல்பத்துக்கும் ஒலி அளவு மாறி ஒட்டு தனியாத் தெரியும். அதே முறையில அந்த 2002 ஆல்பத்தோட கடைசிக் கார்டை "டிரெயின் ஆஃப் தாட்" ஆல்பத்தோட முதல் பாட்டு "ஆஸ் ஐ ஆம்" தொடக்கத்தோடு ஒட்டுங்க. "இன் தி நேம் ஆஃப் காட்" கடைசி பியானோ ஸ்வரத்தை "ஆக்டவேரியம்" ஆல்பத்தோட முதல் பாட்டு "தி ரூட் ஆஃப் ஆல் ஈவில்" தொடக்கத்தோடு ஒட்டுங்க. அது 4 கட்டை, நாலுகட்டை சொன்ன வரிசை அங்கிருந்துதான் கிளம்புது.