கனடா கோ-ஓப் பெர்மிட்டுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டுமா?

மல்லாவி_அக்கா
2025 பெப்ரவரி 11

வணக்கம். தம்பிக்கு ஒன்ராறியோவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா கிடைத்திருக்கிறது, செப்டெம்பரில் தொடக்கம். படிப்புக்கு நடுவில் நான்கு மாதம் கோ-ஓப் என்று ஒரு நிறுவனத்தில் போய் வேலை செய்ய வேண்டுமாம். எங்கள் விசா வேலையைப் பார்க்கிற ஏஜென்ட் இப்போது புதுக்கதை ஒன்று சொல்கிறார். கோ-ஓப்புக்கு வேறு பெர்மிட், அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், எல்லாமாக எண்பதாயிரம் ரூபா, அதுவும் இப்போதே கட்டினால்தான் கோப்பில் சேர்க்கலாமாம். அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபா என்று அறிவித்திருக்கிறது, அந்த விலைக்கே விற்றாலும் பத்து மூடைக்கு மேல் இதற்கே போய்விடும், வியாபாரி வந்து கேட்கிற விலைக்கு இன்னும் கூட. ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பாவைக் கேட்டால் "அதெல்லாம் என்னத்துக்கு, படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் இங்கே வேலை செய்யினம்தானே" என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று, கோ-ஓப்பில் வரும் சம்பளத்தை வைத்து இரண்டாம் வருடக் கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், அது நடக்கக்கூடிய காரியமா?

பரந்தன்சந்தி
2025 பெப்ரவரி 11

அக்கா, காசைக் கட்டாதீர்கள். இந்த 2025 விதிப்படி பெர்மிட் வேண்டும் என்பது உண்மை, கட்டணம் என்பது பொய். சாதாரண வேலை பெர்மிட்டுக்குக் கனடா அரசு 155 டொலர் எடுக்கிறது, மாணவர்களுடைய கோ-ஓப் பெர்மிட்டுக்கு அது கிடையாது. நீங்கள் கட்ட வேண்டியது படிப்பு பெர்மிட்டுக்கு 150, கைரேகைக்கு 85, அவ்வளவுதான் அரசுக்குப் போகிற காசு. தனி விண்ணப்பமும் தேவையில்லை. இலங்கையில் இருந்து படிப்பு பெர்மிட்டுக்குப் போடும்போதே கோ-ஓப்பையும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம், அதற்கு வேண்டியது கல்லூரியின் கடிதம் மட்டும்தான்.

அந்தக் கடிதத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இந்தப் படிப்பில் சேரும் எல்லா மாணவர்களும் வேலைப் பயிற்சியை முடித்தால்தான் டிப்ளோமா கிடைக்கும் என்று அதில் இருக்க வேண்டும், வேலைப் பகுதி மொத்தப் படிப்பில் பாதிக்கு மேல் போகக் கூடாது. தம்பியின் அனுமதிக் கடிதத்தை எடுத்து நன்றாக வாசித்துப் பாருங்கள். கோ-ஓப் கட்டாயம் என்று அதிலேயே எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. "விருப்பமானால் எடுக்கலாம்" என்கிற மாதிரி இருந்தால் கதை வேறு. நான் படித்த இடத்தில் அப்படித்தான், முதல் வருடப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கோ-ஓப்பில் சேர்த்தார்கள், சேர்த்த பிறகுதான் கடிதம் தந்தார்கள், அதனால் கனடாவுக்குள் இருந்துகொண்டே ஐ.எம்.எம். 5710 படிவத்தில் போட வேண்டி வந்தது. அதிலும் கட்டணம் இல்லை. இணையத்தில் நிரப்பும்போது 155 டொலர் கேட்டால் எங்கேயோ ஒரு கேள்விக்குப் பதில் பிழையாகப் போயிருக்கிறது, திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கடலோரம்_முல்லை
2025 பெப்ரவரி 12

நான் சித்தப்பா பக்கம். மாணவருக்குக் கிழமைக்கு 24 மணித்தியாலம் வெளியில் வேலை செய்யலாம் என்று நவம்பரில்தானே சட்டம் வந்தது. என் மச்சான் பிரம்டனில் படிக்கிறான், கடையில் நிற்கிறான், ஒரு பெர்மிட்டும் எடுக்கவில்லை. சும்மா பிள்ளையைப் பயப்படுத்தாதீர்கள்.

நெடுங்கேணி_நடராசா
2025 பெப்ரவரி 12

முல்லைத் தம்பி, கடையில் நிற்பதும் கோ-ஓப்பும் ஒன்றல்ல. நீர் சொல்கிற 24 மணித்தியாலம் 2024 நவம்பர் 8 முதல் நடைமுறையில் இருப்பதுதான், அதற்கு முன் 20 ஆக இருந்தது, இடையில் 2022 நவம்பரில் இருந்து 2024 ஏப்ரல் கடைசி வரை எல்லையே இல்லாமல் விட்டிருந்தார்கள். அது படிப்போடு சம்பந்தமில்லாத வேலைக்கு, கடை, உணவகம், எரிபொருள் நிலையம் எதுவானாலும். கோ-ஓப் படிப்பின் பகுதி, புள்ளி போடுகிற பாடம் மாதிரி, முழுநேரமாகச் செய்ய வேண்டும். அதற்கு 2025 விதிப்படி படிப்பு பெர்மிட்டோடு இன்னொரு பெர்மிட்டும் கையில் இருக்க வேண்டும். அது வராமல் போய் நின்றால் அனுமதியில்லாமல் வேலை செய்ததாகிவிடும், பிறகு படிப்பு முடிந்து வேலை பெர்மிட் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். மச்சானுக்குக் கோ-ஓப் இல்லாதபடியால் அவருக்குப் பிரச்சினை வரவில்லை.

தங்கச்சி, நான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பத்திர மொழிபெயர்ப்பு செய்து கொடுக்கிறவன், அதனால் கோப்புகள் கண்ணில் படும். ஏஜென்ட் விஷயத்தில் ஒன்றைக் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடிவரவு விண்ணப்பத்தில் ஒருவருக்காக நிற்க, கனடாச் சட்டப்படி அனுமதி வேண்டும், சட்டத்தரணியாகவோ பதிவு பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர்களின் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், தந்தால் தட்டிப் பாருங்கள். தராமல் "எங்களுக்கு மேலே ஆள் இருக்கு" என்று சொன்னால் அந்த ஆளின் பெயரையும் இலக்கத்தையும் கேளுங்கள். அவர்தான் ஐ.எம்.எம். 5476 என்கிற பிரதிநிதிப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர். அந்தப் படிவமே கோப்பில் இல்லையென்றால் எல்லாவற்றையும் தம்பி தானே போட்டதாகத்தான் அங்கே கணக்கு, பிழை வந்தால் பழியும் தம்பி தலையில்.

அப்பாவின் கணக்கு சரிவராது. கோ-ஓப் சம்பளம் வரும் என்று சொல்லி விசா எடுக்க முடியாது, அதிகாரி அதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார். முதல் வருடக் கட்டணம், பயணச் செலவு, அவற்றோடு வாழ்க்கைச் செலவுக்கு, இந்த 2025 தொடக்கத்துக் கணக்குப்படி, 20,635 டொலர் இப்போதே காட்ட வேண்டும், இன்றைய விலைக்கு நாற்பது இலட்சத்துக்கு மேல். அதையும் விண்ணப்பத்துக்கு முதல் கிழமை ஒரேயடியாக வங்கியில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நெல் விற்ற காசு என்றால் விற்ற சிட்டை, காணி உறுதி, கிராம சேவகர் கடிதம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஐந்து ஏக்கர் காணிக்கு ஐம்பது ஏக்கர் விளைச்சல் காட்டிய கோப்பு ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன்.

மல்லாவி_அக்கா
2025 பெப்ரவரி 12

ரொம்ப நன்றி நடராசா அண்ணை, பரந்தன் தம்பி. கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கோ-ஓப் இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் போட்டிருக்கிறார்கள், கட்டாயம் என்றோ எத்தனை கிழமை என்றோ ஒன்றும் இல்லை. ஏஜென்ட்டிடம் பதிவு இலக்கம் கேட்டேன், "பிறகு அனுப்புகிறேன்" என்றார், இன்னும் வரவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார், இந்தக் கல்லூரி சரியில்லை என்றால் போய் இறங்கிய பிறகு வேறு கல்லூரிக்கு மாறலாமாம், பெர்மிட் அப்படியே இருக்குமாம். அதுவும் கதைதானா?

பரந்தன்சந்தி
2025 பெப்ரவரி 13

அதுவும் கதைதான் அக்கா, ஒரு காலத்தில் உண்மையாக இருந்த கதை. முன்பெல்லாம் இணையத்தில் அறிவித்துவிட்டு மாறலாம். 2024 நவம்பர் 8 இல் இருந்து கல்லூரி மாறுவதென்றால் புதுப் படிப்பு பெர்மிட் எடுக்க வேண்டும். கோ-ஓப் பெர்மிட்டும் அந்தக் கல்லூரியின் பெயரில்தான் வரும், எனவே அதையும் திரும்பக் கேட்க வேண்டும்.

பெயர் என்றதும் ஞாபகம் வந்தது. என்னுடைய பெர்மிட்டில் வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் கல்லூரியின் பெயர் இருந்தது. நான் போகப் போவது ஒரு தொழிற்சாலைக்கு, இதென்ன பிழையாக அடித்துவிட்டார்களா என்று திகைத்துப்போனேன். பிழையில்லை, கோ-ஓப் பெர்மிட் அப்படித்தான் வரும், படிவத்திலும் அப்படித்தான் நிரப்ப வேண்டும். தம்பிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விசா வந்தாலும் பெர்மிட் கொழும்பில் கையில் கிடைக்காது, ரொறன்ரோ விமான நிலையத்தில்தான் அச்சடித்துத் தருவார்கள். கோ-ஓப்பும் சேர்ந்து கிடைத்திருந்தால் இரண்டு தாள். மேசையை விட்டு நகர முதல் இரண்டும் இருக்கிறதா, பெயர், பிறந்த திகதி, முடிவுத் திகதி சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று வெட்கப்பட்டு வெளியே வந்தால் பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். அங்கே வேலை செய்ய எடுக்க வேண்டிய சமூகக் காப்புறுதி இலக்கம் ஒன்பதில் தொடங்கும், அதற்கும் பெர்மிட்டின் முடிவுத் திகதிதான், பெர்மிட்டை நீட்டினால் அதையும் புதுப்பிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, தம்பியின் பெயரில் தம்பியின் மின்னஞ்சலில் இருந்து கல்லூரியின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு எழுதுவது, ஏஜென்ட் மூலமாக இல்லை. மாணவர் இலக்கம், படிப்பின் பெயர், தொடங்கும் மாதம் மூன்றையும் போட்டு, "கோ-ஓப் பெர்மிட்டுக்கான கடிதம் வேண்டும், இந்தப் படிப்பில் எல்லோருக்கும் அது கட்டாயமா என்பதையும் வேலைக் காலம் எவ்வளவு என்பதையும் குறிப்பிடுங்கள்" என்று கேட்டால் போதும். அவர்களிடம் அச்சில் வைத்த மாதிரி ஒன்று இருக்கும், ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பேருக்குக் கொடுக்கிறார்கள். கட்டாயமில்லை என்று பதில் வந்தால் இப்போதைக்குப் படிப்பு பெர்மிட்டை மட்டும் போடுங்கள், கோ-ஓப்பை அங்கே போய்ப் பார்க்கலாம், ஆனால் உள்ளே இருந்து போட்டால் மாதக் கணக்கில் இழுக்கும், வேலை தொடங்கும் கிழமை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

கடலோரம்_முல்லை
2025 பெப்ரவரி 13

சரி, மச்சானையும் கேட்டுப் பார்த்தேன், அவன் வகுப்பில் கோ-ஓப் உள்ள பிள்ளைகள் எல்லோரிடமும் இரண்டு தாள் இருக்கிறதாம். ஒரு கேள்வி, அந்த நான்கு மாத வேலை பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிடம், எடுக்கும்போது கனடா அனுபவமாகக் கணக்கில் வருமா?

நெடுங்கேணி_நடராசா
2025 பெப்ரவரி 13

வராது. பி.ஆருக்கு ஆட்களைத் தெரிவு செய்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் கனடா அனுபவப் பிரிவுக்கு முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை எதுவும் சேராது, கோ-ஓப்பும் அதில் அடக்கம். படிப்பு முடிந்து எடுக்கிற வேலை பெர்மிட்டில் செய்வதுதான் கணக்கு. அந்தப் பெர்மிட்டுக்கும் கல்லூரி டிப்ளோமா என்றால் இப்போது எந்தத் துறையில் படித்தது என்று பார்க்கிறார்கள், கனடா அரசின் பட்டியலில் இல்லாத துறைக்குக் கிடைக்காது. தங்கச்சி, தம்பியின் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதல் கட்டணத்தை அனுப்ப முதல் பாருங்கள், கோ-ஓப்பை விட அது பெரிய விஷயம்.

மல்லாவி_அக்கா
2025 பெப்ரவரி 14

கல்லூரிக்குத் தம்பி நேற்றிரவே எழுதிவிட்டான். படிப்பின் பட்டியலை இன்று பின்னேரம் பார்க்கிறோம். ஏஜென்ட் எண்பதாயிரத்தை நாற்பதாக்கி இருக்கிறார்.