அருவியாற்றோடு அரிப்புக்கா, ஏ9 வீதியில் இரணைமடுவுக்கா?

பாரிஸ் வன்னியன்:
சென்ற மார்ச்சில் மொரோக்கோவின் த்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று நாள் சைக்கிள் உழக்கினேன். வர்ஸாஸாத்திலிருந்து ஸகோரா வரை ஏறத்தாழ 160 கிலோமீற்றர். முதலில் 1660 மீற்றர் உயரத்தில் ஒரு கணவாய். நாக்கு வெளியே வந்துவிடும். அதைத் தாண்டி அக்ட்ஸ் என்ற ஊரைத் தொட்டதும் ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் பேரீச்சந்தோப்பு. ஆறு அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டது. பட்டபோதும் கல்லும் மணலும்தான். 1972இல் மேலே அணை கட்டிய பிறகு, திறந்துவிட்டால்தான் தண்ணீர். ஆனாலும் தோப்பு விடாமல் கூடவே வந்தது. எனக்கு எங்கள் வன்னியின் அருவியாறும் அதன் மருத மரங்களும் நினைவுக்கு வந்தன.

ஆடியில் ஊருக்கு வருகிறேன். அருவியாற்றுப் பக்கமாக வவுனியா, பறயனாலங்குளம், முருங்கன், கடற்கரையில் அரிப்பு என்ற ஊர். 80 கிலோமீற்றர் அளவில், ஒரே நாள். யார் வருகிறீர்கள்?

துருசு:
ஆடியிலா? மேற்கு நோக்கியா? அண்ணா, பாரிசில் இருந்து சோளகக் காற்றை மறந்துவிட்டீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். உங்கள் எட்டுக் கிலோ சைக்கிள் எம்மாத்திரம்? மேடு பள்ளமில்லாத வன்னியில் மலை என்பது காற்றுத்தான். முருங்கனைத் தாண்டி அரிப்புக்குத் தென்மேற்காகத் திரும்பியதும் அந்த மலை மூஞ்சியில் நிற்கும், கடல் வரை.

ஆடியில் ஓடுவதென்றால் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் வடக்கே ஓடுங்கள். கனகராயன் ஆறும் அப்படித்தான் போகிறது. வவுனியா கடல் மட்டத்துக்கு 100 மீற்றர் அளவு மேலே இருக்கிறது, கிளிநொச்சிப் பக்கம் சரிவு. காற்று முதுகில். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டு, இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால் பொழுது சாயும். 1902இல் வேலை தொடங்கிய குளம். வேறென்ன வேண்டும்?

ஒற்றைச்சில்லு:
வேறென்னவா? ஆறு வேண்டும். ஏ9 வீதியில் கனகராயன் ஆற்றைப் பார்த்தவர் கையை உயர்த்துங்கள். நான் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று எத்தனையோ முறை போயிருக்கிறேன். பார்த்ததெல்லாம் கடுகதி பஸ்ஸின் பின்பக்கம். ஒரு முறை கனகராயன்குளத்துக்கு அருகில் ஒரு டிப்பர் ஒட்டி உரசிக்கொண்டு போன காற்றில் வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சரளைக்குள் இறங்கிவிட்டேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த டிப்பரில் ஏற்றியிருந்ததோ ஆற்று மணல். ஏ9இல் ஆற்றைப் பார்த்தேன் என்றால் அப்படித்தான் பார்த்தேன்.

இன்னொன்று. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. வடக்கே போகிறவனுக்கு அது முதுகில் இல்லை, இடது தோளில். லொறி கடக்கும்போது ஒரு கணம் காற்று மறைந்து, கடந்ததும் மறுபடி அறையும். அந்த நேரம் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காவிட்டால் நேரே சரளைதான்.

துருசு:
இடது தோளும் முதுகின் அயல் வீடுதானே. சரி, டிப்பரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வழியில் மட்டும் ஆறு எங்கே ஓடுகிறது? வரைபடத்தைப் பாருங்கள். வீதி ஆற்றுக்கு வடக்கே தள்ளியே போகிறது. அரிப்புக்குப் போகும்போது பாலத்தில் ஒரு முறை காண்பீர்கள், அரை நிமிடம்.

முருங்கன் ரீச்சர்:
இரண்டு பேரும் வரைபடத்தை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். நான் இந்த வீதியில் தினமும் பள்ளிக்கூடத்துக்கு உழக்குகிறவள், அதுவும் சேலையோடு, சாதாரண லுமாலா சைக்கிளில்.

வீதியிலிருந்து ஆறு தெரியாது என்பது உண்மை. ஆனால் ஆற்றுத் தண்ணீர் தெரியும். தேக்கம் என்ற அணைக்கட்டில் மறித்து, வாய்க்காலில் திருப்பி, கட்டுக்கரைக் குளத்தில் விடுகிறார்கள். முருங்கனைச் சுற்றியுள்ள வயலெல்லாம் அந்தத் தண்ணீர்தான். பாரிஸ் அண்ணாவின் பேரீச்சந்தோப்புக்கு இங்கே நெல் வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதான் வேண்டுமென்றால் குஞ்சுக்குளத் தொங்குபாலத்துக்கு இறங்க வேண்டும். மாரியில் வெள்ளம் வந்தால் அந்த ஊர் துண்டிக்கப்பட்டுவிடும். ஆடியில் போனால் பாலத்தின் கீழே மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிய குழிகள் இருக்கும். முதலில் கலங்கலாக ஊறும், சிரட்டையால் இரண்டு முறை இறைத்துவிட்டால் தெளிந்துவிடும். பக்கத்திலேயே யானை தோண்டிய குழியும் இருக்கும், அது இன்னும் அகலம்.

காற்றில் துருசு தம்பி சொல்வது சரி. ஆடியில் மேற்கே போகும் நாளில் சேலைத் தலைப்பைச் செருகாமல் என்னால் ஏற முடியாது. யானைக்காக விடியுமுன்னும் பொழுதுபட்ட பின்னும் மடுக்காட்டுப் பக்கம் வீதியில் நிற்காதீர்கள். ஜூலை 2 மடு மாதா கோயில் ஆடித் திருவிழா. அந்த வாரம் வீதி முழுக்க வாகனம். கடைகளும் மடு வீதிச் சந்திக்கும் முருங்கனுக்கும் இடையில் அரிது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வேண்டும்.

ஒற்றைச்சில்லு:
ரீச்சர் சொன்ன பிறகு எனக்கு வேறு யோசனை. வீதி எதற்கு? தேக்கத்திலிருந்து ஆற்றங்கரையோடு மண் பாதையில் கடல் வரை போகலாமே. அகலமான ரயர் போட்டால் போதும்.

பாலைநிழல்:
தம்பி, அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

ஆற்றங்கரையோடு போன ஒருவரை எனக்குத் தெரியும்: ரொபர்ட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் சிறையிருந்த வெள்ளைக்காரர். 1679 ஒக்டோபரில் ஒரு கூட்டாளியோடு இதே அருவியாற்றைப் பிடித்துக் காட்டுக்குள்ளே நடந்து, அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையில் போய் ஏறினார். அவருக்கு யானையும் முதலையும்தான் பயம். எங்களுக்கு அதற்கு மேலும் ஒன்று புதைத்து வைத்திருக்கிறார்கள். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் திரும்புங்கள். வெள்ளம் மண்ணையும் அரித்துக்கொண்டு போகும், பலகையையும் கொண்டுபோகும். ஆகவே பலகை இல்லாத இடமும் நல்ல இடம் என்று நினைக்காதீர்கள். ஊர்ச்சனம் நடக்கிற தடத்தை விட்டு ஓரடி விலகக்கூடாது. விறகுக்குப் போகிறவர்களிடம் கேட்டுத்தான் நானே இறங்குவேன்.

தொண்ணூறுகளில் எரிபொருள் தடையின்போது மல்லாவியிலிருந்து புதுக்குடியிருப்புக்குச் சைக்கிளில் நெல் மூடை கட்டி உழக்கியவன் நான். அப்போது வழியைத் தெரிவு செய்ய எங்களுக்கு எங்கே வசதி. உங்களுக்கு இருக்கிறது, தார் வீதியில் போங்கள்.

ஒற்றைச்சில்லு:
சரி ஐயா. மண் பாதையை விட்டுவிட்டேன். தொங்குபாலத்துக்கு மட்டும், ஊர்ச்சனம் போகும் வழியில்.

பாரிஸ் வன்னியன்:
ஐயா சொன்னதற்குப் பிறகு நானும் கரையோரம் கேட்கமாட்டேன். ஆனால் ஏ9 எனக்கு வேண்டாம். த்ராவிலும் வீதியிலிருந்து பாதி நேரம் ஆறு தெரியவில்லை. ஆற்றை நம்பி வாழும் ஊர்கள் தெரிந்தன. ரீச்சர் சொன்ன கட்டுக்கரையும் அதுதான். காற்றுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

முருங்கன் ரீச்சர்:
தை மாதம் வந்தால் வழியே தேவையில்லை. வாடை வடகிழக்கிலிருந்து தள்ளும், அரிப்பு வரை. ஆற்றிலும் தண்ணீர் இருக்கும்.

பாரிஸ் வன்னியன்:
விடுமுறை ஆடியில்தான் தருகிறார்கள் தங்கச்சி.

துருசு:
அப்படியானால் தலைகீழாகப் போங்கள். முதல் நாளே சைக்கிளை ஏற்றிக்கொண்டு அரிப்புக்குப் போய்த் தங்குங்கள். கடல் அரித்த தொரிக் மாளிகையை மாலையில் பார்க்கலாம். ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டியது, இப்போது சில சுவர்கள்தான் மிச்சம். விடிந்ததும் முருங்கனுக்கு உழக்கினால் சோளகம் நேரே முதுகில். அங்கிருந்து வவுனியாவுக்குக் கிழக்கே திரும்பும்போது வலது தோளுக்குப் பின்னால். 100 மீற்றர் ஏற்றம் 80 கிலோமீற்றரில் தெரியவே தெரியாது. இப்படிப் போவதென்றால் நானும் வருகிறேன். ஆனால் ஆற்றை எதிர்த்துப் போகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைச்சில்லு:
ஏ9 ஆள் அருவியாற்றுக்கு வருகிறார். இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் வன்னியன்:
ஜூலை மூன்றாம் வாரம் சரிதானே? என்னிடம் 28 மில்லிமீற்றர் ரயர் இருக்கிறது. போதுமா?

முருங்கன் ரீச்சர்:
தார் வீதிக்குப் போதும். தொங்குபாலத்துக்கு இறங்குவதென்றால் 35. ஆளுக்கு இரண்டு ரியூப், ஒட்டுப் போடுகிற சாமான், ஒரு சின்னக் குறடு. உடைமுள் ஏறினால் தலை முறிந்து நுனி உள்ளேயே நிற்கும். விரலால் எடுக்க வராது, புது ரியூப்பையும் குத்திவிடும். போன கிழமை எனக்கு அப்படித்தான், ஒரே முள் இரண்டு ரியூப்.